மருந்து தந்த ஆயுளும் இருதயத்தின் நலனும்

ஒரு நோயை மனிதன் அடக்கியவுடன், அதன் பின்னே மறைந்து நின்ற மற்றொரு நோய் முன்வருவதை வைத்திய வரலாற்றில் நாம் பலகாலும் காண்கிறோம். எச்.ஐ.வி. கிருமி உடையோரைப் பற்றும் இருதய நோயின் வரலாறும் அத்தகையதே.

1981-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இளைஞர் ஐவரைப் பற்றிய அபூர்வ நுரையீரல் நோயைக் குறித்த செய்தி வெளியாயிற்று. 1983-இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தார் கிருமியைக் கண்டறிந்தனர். 1986-இல், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் செல்லப்பன் நிர்மலா ஆகிய இருவரின் முயற்சியால், நம் நாட்டிலும் அக்கிருமி இருப்பது புலனாயிற்று. நோய் முற்றியவர்கள் அந்நாளில் நெடுங்காலம் வாழ்ந்தாரில்லை. முதுமையில் வரக்கூடிய மாரடைப்பைப் பற்றி எண்ண எவருக்கு அவகாசம் இருந்தது?

1996-ஆம் ஆண்டையொட்டிப் பல மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் கூட்டுச் சிகிச்சை வழக்கில் வந்தது. மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அம்மருந்துகளுள் சில இரத்தத்தில் கொழுப்பைப் பெருக்கின. கூட்டுச் சிகிச்சை நீடிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மாரடைப்பின் விகிதம் 26 சதவீதம் கூடியதாக 2003-இல் ஓர் ஆய்வு அறிவித்தது. மறு ஆண்டு வந்த சான் பிரான்சிஸ்கோ ஆய்வு ஒன்றில், இக்கிருமியுடையோர் மற்றவர்களைவிடச் சுமார் பத்தாண்டு இளமையிலேயே இருதய நோயுடன் வந்தனர் என்றும், அடைப்பை நீக்கிய இரத்தக்குழாய் அவர்களுக்கு மீண்டும் சுருங்குவது மிகுதி என்றும் தெரிந்தது.

அப்படியானால் மருந்தை இடையிடையே நிறுத்திவைக்கலாமா? இவ்வினாவுக்கு விடை தேடி, 33 நாடுகளில் 5,472 பேரைக் கொண்டு பெரியதோர் ஆராய்ச்சி நடந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தி போதிய அளவு இருக்கும்போது ஒரு சாரார் மருந்தை நிறுத்தினர்; மற்றவர் இடைவிடாது உண்டனர். நிறுத்தியவர்களிடையே மரணம் மிகுந்தது. இருதய நோயும் குறையவில்லை, கூடவே செய்தது! ஆகவே 2006 ஜனவரியில் அம்முறை கைவிடப்பட்டது. அடங்காத கிருமி உடலில் ஓயாத அழற்சியை மூட்டி, இரத்தக்குழாய்களின் சுவர்களைக் கெடுக்கிறது. மருந்தின் தீங்கைக் காட்டிலும் கிருமியின் தீங்கு பெரிது என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

அடுத்த நற்செய்தி 2023-இல் கிடைத்தது. இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையுள்ள 7,769 பேர் அவ்வாராய்ச்சியில் பங்குகொண்டனர். எல்லோரும் கிருமிக்கான மருந்தை உண்டுவந்தவர்கள். இருதய நோய் வரும் அபாயம் மிகுதியாக இல்லாதவர்கள். அவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கொழுப்பைக் குறைக்கும் பிடவாஸ்டேட்டின் மாத்திரை நாள்தோறும் தரப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய கடும் இருதய, இரத்தக்குழாய் நோய்கள் அவர்களிடையே 35 சதவீதம் குறைந்தன. வருமுன் காக்கும் வழி இவ்வாறு புலப்பட்டது.

தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் பிழைக்கும் நம்மவர்க்கு இவ்வரலாறு ஒரு பாடம் புகட்டுகிறது. ஊர் மாறும் நாட்களில்தான் மருந்து தடைப்படுவது எளிது. 2004 ஏப்ரல் முதல் அரசாங்கம் இம்மருந்துகளை இலவசமாக அளித்துவருகிறது. ஒரு மையத்திலிருந்து மற்றொன்றுக்குச் சிகிச்சையை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. புறப்படுமுன் மாற்றுக் கடிதம் பெறுவது நலம். நெஞ்சுவலி என்று புது ஊர் வைத்தியரிடம் செல்வோர், உண்ணும் மருந்துகள் அனைத்தையும் அவரிடம் கூறுதல் அவசியம். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டேட்டின், எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றோடு சேர்ந்தால் ஆபத்து விளையும். கூச்சத்தால் மறைக்கவேண்டியதில்லை. கிருமியைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.