முதுகில் தொடங்கி நாக்குக்கு வந்த பார்வை

பல் வைத்தியத்துக்கு உழைத்து ஓய்ந்த பழைய நாற்காலி அது. 1960களில் சான்பிரான்சிஸ்கோவின் ஸ்மித்-கெட்டில்வெல் ஆய்வு நிறுவனத்தில் அதன் சாய்மானத்தில் 400 சின்ன அதிர்வுமுனைகளைப் பதித்தார்கள். வரிசைக்கு 20 வீதம் 20 வரிசை. எல்லாம் சுமார் 25 சென்டிமீட்டர் சதுரத்துக்குள். பக்கத்தில் முக்காலி மேல் ஒரு தொலைக்காட்சி கேமரா. கேமராவில் வெளிச்சம் விழுந்த புள்ளிக்கு நேரான முனை முதுகில் அதிரும்; இருட்டென்றால் அடங்கும். மின்பெட்டிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 180 கிலோ எடை. பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள் இதில் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே மேசையில் தொலைபேசி இருக்கிறதா கோப்பை இருக்கிறதா என்று சொல்லக் கற்றார்கள். 1969இல் 'நேச்சர்' இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

இதன் பின்னால் இருந்தவர் பால் பாக்-இ-ரீட்டா என்ற மருத்துவர். கண் பார்ப்பதில்லை, மூளைதான் பார்க்கிறது, கண் வெறும் வாசல் என்பது அவர் கட்சி. மூளையில் பார்வைக்கு ஓரிடம், தொடுகைக்கு ஓரிடம், ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது என்று பாடப்புத்தகங்கள் அடித்துச் சொன்ன காலம் அது. பாலுக்கோ வீட்டிலேயே எதிர்ச்சாட்சி கிடைத்தது. பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை 1950களின் இறுதியில் பக்கவாதத்தில் விழுந்தார். இன்னொரு மகன் ஜார்ஜ், குழந்தைக்குச் சொல்லித் தருவதுபோல முதலில் தவழவும் பிறகு நடக்கவும் அவரைப் பழக்கினார். தந்தை எழுந்து நடந்து மறுபடியும் பாடம் நடத்தப் போனார். சில ஆண்டுகள் கழித்து மாரடைப்பில் இறந்தபோது மூளையை ஆராய்ந்தார்கள். பக்கவாதம் அழித்த நரம்புகள் அழிந்தபடியேதான் இருந்தன. மனிதர் வேறு வழியில் நடந்திருக்கிறார்.

நாற்காலிக்கு வருவோம். அதில் எல்லோரும் வியப்பது அந்த 400 முனைகளை. எனக்கென்னவோ அந்தக் கருவியின் உயிர் கேமராவைத் திருப்பும் கைப்பிடியில் இருந்ததாகத்தான் படுகிறது. கேமராவை வேறொருவர் திருப்பினால் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகில் குறுகுறுப்பு மட்டுமே தெரிந்தது. அவரே பிடித்து இடமும் வலமும் திருப்பி, மேலும் கீழும் சாய்த்துப் பழகிய பிறகு, குறுகுறுப்பு பின்னுக்குப் போய்ப் பொருள் எதிரே நின்றது. முதுகை விட்டு வயிற்றுக்கு முனைகளை மாற்றிய பிறகும் கற்றது கைவிட்டுப் போகவில்லை. ஒருமுறை கேமராவின் லென்ஸ் எதிர்பாராமல் சட்டென்று உருவத்தைப் பெரிதாக்கிவிட்டது. உட்கார்ந்திருந்தவர் கைகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் சாய்ந்தார். முனைகள் அதிர்ந்தது முதுகில். ஆபத்து முதுகுப்பக்கம் இருப்பதாக நினைத்திருந்தால் முன்னால் அல்லவா பாய்ந்திருக்க வேண்டும்?

ஜெரார்ட் குவார்னியேரோ என்ற தத்துவ மாணவர், தாமே பார்வையற்றவர், மூன்று வாரம் அந்த நாற்காலியில் பயின்று 1974இல் தம் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார். இந்த ஆய்வுகளில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். ஆய்வாளர் வெளியே நின்று குறித்துக்கொள்வது ஒன்று, முதுகுக்குச் சொந்தக்காரரே எழுதுவது வேறு.

பழகியவர்கள் ஆய்வகத்தில் வேலைபார்த்தவர்களை அடையாளம் கண்டார்கள். இன்று தலைமுடியை விரித்துவிட்டிருக்கிறார், கண்ணாடி போடவில்லை என்றுகூடச் சொன்னார்கள். ஏமாற்றமும் இருந்தது. மனைவியின் முகத்தை இந்தக் கருவியால் பார்த்தவருக்கு மூக்கு, வாய், கன்னம் என எல்லாம் பிடிபட்டன. மனம் மட்டும் அசையவில்லை. பாக்-இ-ரீட்டா இதை மறைக்காமல் பதிவுசெய்தார்.

அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஜான் லின்வில், பார்வையிழந்த தன் மகளுக்காக 'ஆப்டகான்' என்ற கருவிக்கு வித்திட்டிருந்தார். 144 ஊசிமுனைகளும் ஒரே ஒரு விரலுக்கு. அச்சிட்ட எழுத்தின் மேல் கையடக்கக் கேமராவை நகர்த்தினால் எழுத்தின் வடிவம் விரல்நுனியில் அதிரும். அது சந்தைக்குப் போய், 1990களில் உற்பத்தி நிற்கும்வரை பலருக்குப் புத்தகம் படித்துக் காட்டியது. நாற்காலியால் ஆய்வகத்தின் வாசலைத் தாண்ட முடியவில்லை. 180 கிலோவைத் தூக்கிக்கொண்டு யார் தெருவில் நடப்பது?

கருவி இளைக்க வேண்டியிருந்தது. அதிர்வுமுனைகளுக்குப் பதில் மின்துடிப்பு என்று முடிவானது. ஆனால் முதுகுத் தோலும் வயிற்றுத் தோலும் காய்ந்தவை. மேலே செத்த தோலின் அடுக்கு வேறு. மின்சாரத்தைக் கூட்டினால் வலிக்கும், குறைத்தால் உறைக்காது. விரல்நுனியைச் சோதித்தார்கள், அதைக் கருவிக்குக் கொடுத்துவிட்டால் வேறு வேலை செய்ய விரல் இல்லை. பாக்-இ-ரீட்டா 1980களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கர்ட் காக்ஸ்மாரெக், மிட்செல் டைலர் ஆகியோருடன் சேர்ந்து கடைசியில் வந்து நின்ற இடம் நாக்கு. எந்நேரமும் ஈரம், எச்சில் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், நரம்புகள் நெருக்கம், செத்த தோல் கிடையாது. விரலுக்குத் தேவைப்பட்டதில் சிறு பங்கு மின்னழுத்தமே போதும். 1998இல் 49 புள்ளிகள் கொண்ட தகட்டை நாக்கில் வைத்து வடிவங்களை உணர முடியும் என்று காட்டினார்கள். சோடா குடித்தால் நாக்கில் சுறுசுறுவென்று ஏறுமே, அப்படி இருக்குமாம்.

எவரெஸ்ட் உச்சிக்கு ஏறிய பார்வையற்றவர் எரிக் வைஹன்மேயர், கேமராவோடு இணைத்த இந்த நாக்குத் தகட்டைப் பயன்படுத்திப் பார்த்தார். உருண்டு வந்த பந்தைப் பிடித்தார். தன் சின்ன மகளோடு கல்-காகிதம்-கத்தரிக்கோல் விளையாடினார். நாற்காலியில் இருந்தவருக்கு மனைவியின் முகம் தராத மகிழ்ச்சியை இவருக்கு மகளின் விரல்கள் தந்தது எப்படி? முகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. விளையாட்டில் மகள் கையை நீட்டினால் இவரும் நீட்ட வேண்டும். கைப்பிடி சொன்னதும் இதையேதான் என்பது என் கணிப்பு.

நாக்குத் தகட்டுக்கு எதிர்பாராத இன்னொரு வேலையும் கிடைத்தது. ஜென்டாமைசின் மருந்து உட்காதின் சமநிலை உறுப்பைக் கெடுத்துவிட, நேராக நிற்க முடியாமல் தவித்த ஒரு பெண்மணிக்குத் தலையின் சாய்வை நாக்குக்குச் சொல்லும்படி அதை மாற்றிக் கொடுத்தார்கள். நின்றார். வாயிலிருந்து எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தள்ளாட்டமில்லை. பயிற்சி கூடக்கூட அந்த நேரமும் நீண்டது.

பாக்-இ-ரீட்டா 2006இல் காலமானார். 'பிரெயின்போர்ட்' என்ற பெயரில் அவருடைய கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் அனுமதி தந்தது. அதில் கேமரா கறுப்புக் கண்ணாடியில் இருந்தது. கைப்பிடியின் வேலையைக் கழுத்து செய்தது. ஓராண்டு பயிற்சியை முடித்த 74 பேரில் 69 சதவீதத்தினர் பொருளை அடையாளம் காணும் சோதனையில் தேறினார்கள். அப்போது விலை சுமார் 10,000 டாலர் என்றார்கள். தனியாக இதை நம்பிப் போகக் கூடாது, வெள்ளைக்கோல் அல்லது வழிகாட்டி நாயோடு துணைக்கருவியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அனுமதியோடு வந்த நிபந்தனை. நியாயம்தான். மேசையில் இருப்பது பந்தா வாழைப்பழமா என்று தொடாமலே கோல் சொல்லாது. காலடியில் இருக்கும் பள்ளத்தை நாக்குத் தகடு தவறவிடலாம். கோலின் நுனி தவறவிடாது.