ஞாயிற்றின் எக்சுக் கதிர்களும் அவற்றை அளந்த செய்மதிகளும்

ஞாயிற்றின் எக்சுக் கதிர்கள் புவியின் மேற்பரப்பை எய்துவதில்லை. வளிமண்டலத்தின் மேற்படைகளே அவற்றை உறிஞ்சிவிடுகின்றன. ஆதலால் அவற்றை அளக்க விழைந்தோர் தம் கருவிகளை வளிமண்டலத்துக்கு மேலே அனுப்பவேண்டியவராயினர். அதற்கான ஊர்தியை அளித்தது போரே. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் ஆக்கிய வீ-2 ஏவுகணைகள் அமெரிக்கர் வசமாயின. 1949 செப்ரெம்பரில், அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹேர்பேட் பிறீட்மன் குழுவினர் அவற்றுளொன்றில் கதிர் எண்ணிகளை ஏற்றியனுப்பி, ஞாயிறு எக்சுக் கதிர்களை வீசுகின்றது என்பதை நிறுவினர்.

எனினும் ஏவுகணை சில நிமிடங்களே உயரத்தில் நிலைத்தது. ஞாயிற்றுச் சுவாலை தோன்றும்போது புவியின் பகற்புறத்தில் சிற்றலை வானொலி மங்குவதேன் என்னும் வினாவுக்கு விடை காண நீடித்த நோக்கல் வேண்டியிருந்தது. அவ்வேளையில் அயன்மண்டலத்தைக் குலைப்பது ஐதரசனின் லைமன் அல்பாக் கதிரா, எக்சுக் கதிரா? 1960 யூன் 22 இல் ஏவப்பட்ட சோல்றாட்-1 செய்மதி இரண்டையும் ஒருங்கே அளந்து, காரணம் எக்சுக் கதிரே எனக் காட்டிற்று. அதே செய்மதியினுள் சோவியத் றேடார்களை ஒற்றறியும் கருவியும் இருந்தமை 1998 இலேயே வெளியிடப்பட்டது. அறிவியல் ஒற்றுக்குத் திரையாயிற்று. ஆயினும் திரையாக வந்த அறிவியல் பொய்யன்று என்பது கருதத்தக்கது.

1974 இல் ஏவப்பட்ட எஸ்.எம்.எஸ்.-1 செய்மதியும், 1975 இல் தொடங்கிய கோஸ் வரிசையும் 1 முதல் 8 வரையான அங்ஸ்ரம் அலைநீளமுள்ள மென் எக்சுக் கதிர்களை அளக்கலாயின. அவ்வளவையின்படியே சுவாலைகள் ஏ, பீ, சீ, எம், எக்ஸ் என வகுக்கப்படுகின்றன. ஒவ்வொரு வகுப்பும் முந்தியதினும் பத்து மடங்கு வலிமையுடையது. சதுர மீற்றருக்கு ஓர் உவாற்றின் பத்தாயிரத்திலொரு பங்கை எட்டுவது எக்ஸ் வகுப்பு.

இவ்வளவுகோலும் குறைபாடற்றதன்று. 2003 நவெம்பர் 4 இல் எழுந்த சுவாலை கருவியின் எல்லையைக் கடந்துவிட்டது. அதன் வலிமை எக்ஸ் 28 என மதிப்பிடப்பட்டது. நியூசிலாந்தின் ஒற்றாகோப் பல்கலைக்கழக ஆய்வாளரோ, அயன்மண்டலத்தின் கீழ்ப்பகுதியில் தெறித்துவரும் தாழ் அதிர்வெண் வானொலி அலைகளைக் கொண்டு அது எக்ஸ் 45 எனக் கணித்தனர். கருவி தோற்றவிடத்து அயன்மண்டலமே கருவியாயிற்று.

அன்றியும், கோஸ்-8 முதல் கோஸ்-15 வரையான செய்மதிகளின் அளவீடுகள், முந்திய கோஸ்-7 இனதோடு இசையும்பொருட்டு 0.7 ஆற் பெருக்கியே வெளியிடப்பட்டு வந்தன. 2016 இல் ஏவப்பட்ட கோஸ்-16 இன் அளவீடுகளில் இத்திருத்தம் இல்லை. எனவே அன்று எக்ஸ் 7 எனப் பதியப்பட்டது இன்றைய அளவுகோலில் எக்ஸ் 10 ஆகும். இதனை அறியாது பழைய பதிவையும் புதிய பதிவையும் ஒப்பிடுபவர், கருவியின் மாற்றத்தை ஞாயிற்றின் மாற்றமெனக் கொள்வர். சான்றின் பொருளை உணருமுன் அச்சான்று பிறந்த வரலாற்றை உணர்தல் வேண்டும் என்பது, கல்வெட்டைப் படிப்போர்க்கு மட்டுமன்றி வானைப் படிப்போர்க்கும் பொருந்தும் விதியாகும்.