பானைக்குள் போகாத மது

'பெஃப் பூர்கிஞோன்' என்னும் பிரெஞ்சு மாட்டுக்கறிக் குழம்பைத் தொன்றுதொட்டு வந்த குடியானவர் உணவு என்றே பலரும் எழுதுகிறார்கள். அந்தப் பெயரில் அது நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டில்தான். பிரெஞ்சுச் சமையற்கலைஞர் எஸ்கோஃபியே 1903இல் வெளியிட்ட சமையல் நூலில் அதற்கு உணவகத் தகுதி கிடைத்தது. ஜூலியா சைல்டின் 1961ஆம் ஆண்டு நூல் அதை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோனது. அதன் பெயரிலுள்ள பர்கண்டிப் பகுதியில் திராட்சைத் தோட்டமும் மாட்டுத் தொழுவமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒயின் தண்ணீருக்குப் பதிலாகப் பானைக்குள் போனது.

தமிழகத்துக்கும் மேலைநாட்டு ஒயின் வந்தது. பாய்க்குப் பேர்போன பத்தமடையைக் கடந்து போகும் தாமிரபரணியின் கழிமுகத்தில் பாண்டியரின் கொற்கைத் துறை இருந்தது. மேலைக்கரையில் அவர்கள் வசமிருந்த நெல்கிண்டாவுக்கு வந்த சரக்குகளில் ஒயினும் உண்டு, ஆனால் அளவு அதிகமில்லை என்கிறது பழைய கிரேக்கக் கடல்வழி நூலான 'பெரிப்ளூஸ்'. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் தந்த மதுவை மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுப்பதைச் சொல்கிறார் (புறநானூறு 56). மாட்டிறைச்சியும் சங்க இலக்கியத்துக்குப் புதிதல்ல: அகநானூற்றின் 309ஆம் பாடலில் மழவர் கொழுத்த ஆவை வேம்படித் தெய்வத்துக்குப் பலியிட்டு, வெந்த ஊனை உண்கிறார்கள். பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளிக்கும் விருந்திலும் வேகவைத்த ஆட்டுத்தொடை தனி, கள் தனி. இந்தப் பாடல்களில் மது கலத்தோடு நிற்கிறது, உலைக்குள் இறங்கவில்லை. கப்பலேறி வந்த அரிய சரக்கை யார் அடுப்பில் ஊற்றுவார்கள்?

ஐரோப்பியர் வந்த பிறகு பானைக்குள் போனது மதுவல்ல, மது புளித்த காடி. போர்த்துக்கீசியர் ஒயினிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறப்போட்டவர்கள். கோவாவில் ஒயினின் இடத்தைத் தென்னங்கள் காடி பிடித்தது; மிளகாயும் சீரகமும் சேர்ந்து அது விந்தாலு ஆனது. 1674இல் பிரெஞ்சுக்காரர் காலூன்றிய புதுச்சேரியில் கலப்பு வழிவந்த கிரியோல் குடும்பங்கள் அதையே 'விந்தாய்' என்று சமைக்கின்றன. பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரில் வேரூன்றியது பர்கண்டிக் குழம்பல்ல, போர்த்துக்கீசியர் வழி வந்த ஒன்று என்பதை ஆய்வாளர்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

பத்தமடையில் 'ஊறப்போடுவது' என்றால் முதலில் கோரைதான் நினைவுக்கு வரும். நுண்ணிய பட்டுப்பாய்க்காகக் கிழித்த கோரையை ஓடும் நீரில் நாள்கணக்கில் போட்டுவைப்பார்கள். அந்தப் பாயை நெய்து பேர் வாங்கிய முஸ்லிம் குடும்பங்களுக்கு மது விலக்கப்பட்டது. கொதித்தால் சாராயம் ஆவியாகிப் போய்விடும் என்ற சமாதானமும் செல்லாது: இரண்டரை மணி நேரம் வேகவைத்தாலும் ஏறத்தாழ 5 விழுக்காடு தங்கிவிடுகிறது என்று அமெரிக்க வேளாண் துறையின் அளவீடு காட்டுகிறது.

ஒயின் இல்லாவிட்டாலும் கறி வேகும் முறை ஒன்றே. கால்கறியிலும் மார்க்கண்டத்திலும் உள்ள சவ்வு, கொதி அடங்கிய சிறுதீயில் மணிக்கணக்கில் கிடந்தால்தான் கூழாகக் கரைந்து குழம்புக்குத் திண்மை தரும். தென்மாவட்ட முஸ்லிம் வீடுகளின் கறி ஆணத்தில் (குழம்பில்) சின்ன வெங்காயமும் மல்லியும் தேங்காய்ப்பாலும் சேர, புளிப்பைத் தக்காளியோ புளியோ கொடுத்துவிடுகிறது. பூர்கிஞோனிலும் சின்ன வெங்காயம் உண்டு. அதைத் தனியாக வெண்ணெயில் வதக்கி, இறக்கும் தறுவாயில்தான் சேர்ப்பார்கள்.