நச்சுநிரல் தேடலில் கையொப்பமும் கற்றலும்

1986-இல் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ், ஃபிளாப்பி வட்டின் பூட் செக்டரில், அதாவது கணினி இயங்கத் தொடங்கும்போது வட்டிலிருந்து முதலில் படிக்கப்படும் 512 பைட் பகுதியில், குடியேறியது. எழுதியோரின் பெயர்களும் முகவரியும் தொலைபேசி எண்களும் அதனுள்ளேயே இருந்தமையால் அதை இனங்காண்பது எளிதாயிற்று. இவ்வாறு ஒரு நச்சுநிரலுக்கே உரிய மாறாத பைட் தொடரைக் 'கையொப்பம்' எனக் குறித்துக்கொண்டு, அத்தொடர் வட்டுகளிலும் கோப்புகளிலும் உள்ளதா என ஒப்பிட்டுத் தேடுவதே தொடக்ககால வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களின் முதன்மை வழியாக இருந்தது.

ஆய்வாளர் கையில் இன்னும் சிக்காத வைரஸுக்குக் கையொப்பம் இராது என்பது இவ்வழியின் முதற்குறை. 1990 அளவில் தோன்றிய பல்லுருவ வைரஸ்களோ, ஒவ்வொரு தொற்றின்போதும் தம் உடலை மறையாக்கி, அதை அவிழ்க்கும் நிரல்பகுதியையும் மாற்றிக்கொண்டமையால், நிலையான தொடர் கிடைப்பதே அரிதாயிற்று. எந்த நிரலையும் வைரஸ் என்றோ அன்று என்றோ பிழையறத் தீர்மானிக்கும் பொதுவழி இருக்கவியலாது என ஃபிரெட் கோஹன் 1984-இலேயே காட்டியிருந்தமையால், பிழை குறைந்த ஊகத்தை நாடுவதே எஞ்சிய வழியாயிற்று.

அவ்வூகத்தை இயந்திரக் கற்றலிடம், அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து விதியைக் கணினியே வகுத்துக்கொள்ளும் முறையிடம், ஒப்படைத்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று ஐபிஎம் ஆய்வாளர்கள் டெசாரோ, கெஃபார்ட், சோர்கின் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட ஆய்வாகும். அறியப்பட்ட வைரஸ்களில் ஏறத்தாழ 5 விழுக்காடே பூட் செக்டர் வகையின எனினும், தொற்றுகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு அவற்றாலேயே நேர்ந்தமையால், அவர்கள் அவ்வகையையே எடுத்துக்கொண்டனர். வைரஸ்களில் மிகுதியாகவும் நல்ல பூட் செக்டர்களில் அரிதாகவும் வரும் மூன்று பைட் துண்டுகளைத் தெரிந்தெடுத்து, அவற்றின் கூட்டு எப்போது ஐயத்துக்குரியது என்பதை நரம்பியல் வலையமைப்புக்குப் பயிற்றுவித்தனர். பயன்படுத்துவோர் பல இலட்சம் பேராகவும், நல்ல வட்டுகளே பெரும்பான்மையாகவும் இருக்கையில், சிறு விழுக்காட்டுப் பொய் எச்சரிக்கையும் பெருந்தொல்லையாகும் என்பதால், வைரஸைத் தவறவிடுவதைவிட நல்லதைப் பழிப்பதையே அவர்கள் கடுமையாகத் தவிர்க்க வேண்டியிருந்தது.

2001-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கற்றலை இயங்குநிரல் கோப்புகளுக்கும் விரித்தனர். எனினும் கையொப்பம் வழக்கொழியவில்லை. தெரிந்த நச்சுநிரலைப் பெயர் சொல்லி விரைவாகக் காட்டுவது அதுவே. அதற்குத் தப்பியவற்றைக் கற்றல் ஐயுறுவதும், அவ்வையம் மெய்யானால் ஆய்வாளர் புதிய கையொப்பம் வகுப்பதுமாக, இரு முறைகளும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பி வருகின்றன.