வரதராஜன், ஏ.

உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் நீதிபதி. 1920-ல் பிறந்தவர். தமிழ்நாட்டில் மாவட்ட முன்சீப்பாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, 1973-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கும் வந்தார். 1985 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார். பொது அறிவுப் புத்தகங்களில் அவர் பெரும்பாலும் ஒற்றை வரிதான். எந்த வழக்கைக் கேட்டார், என்ன எழுதினார் என்பது அதில் இராது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷலின் பெயரில் ஒரு விமான நிலையமே இருக்கிறது. வரதராஜனை நினைப்பதென்றால் தீர்ப்புகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் முறை கருவுற்றதுமே விமானப் பணிப்பெண்ணை வேலையைவிட்டு அனுப்பலாம் என்றிருந்த ஏர் இந்தியா விதியை 1981-ல் செல்லாதென்ற மூவர் அமர்வில் அவர் ஒருவர். (பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது, அதையும் மறைக்கக் கூடாது.) 1984-ன் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கு இன்னும் முக்கியமானது. மனைவி சயனைடால் இறந்த வழக்கில் கணவனுக்கு மரண தண்டனை. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்திருந்தது. நேரில் கண்ட சாட்சி இல்லை. சூழ்நிலைச் சாட்சியங்கள் சங்கிலிபோல் கண்ணி விடாமல் கோத்திருக்க வேண்டும், சந்தேகம் எவ்வளவு வலுத்தாலும் அது சாட்சியமாகாது என்று உச்ச நீதிமன்றம் கணவனை விடுவித்தது. முதன்மைத் தீர்ப்பு நீதிபதி பசல் அலியுடையது; வரதராஜன் தனித் தீர்ப்பு எழுதினார். கொலை வழக்கு வாதங்களில் அந்த வழக்கின் பெயர் இன்றும் அடிபடுகிறது.

நீதிபதிக்கு ஏது சாதி, அதைச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்தாதா என்று கேட்பார்கள். இருக்கையில் அமர்ந்தபின் அது சரியான கேள்வி. ஆனால் 1950-ல் தொடங்கிய நீதிமன்றம் முதல் தலித் நீதிபதியைக் காண முப்பது ஆண்டுகள் ஆயின. 2010-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஓய்வு பெற்றபின் 2019-ல் பி.ஆர். கவாய் வரும்வரை ஒருவரும் இல்லை. அங்கே இட ஒதுக்கீடு கிடையாது. ஆகவே 'சலுகையில் வந்தவர்' என்ற ஏளனத்துக்கும் இடமில்லை. பதவிகளில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது பிளவு உண்டாக்கும் என்போருக்கு மைசூர் சமஸ்தானமே பதில்: 1918-ல் அதைச் செய்ய அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை வகித்த லெஸ்லி மில்லரே ஒரு நீதிபதிதான்.

அதே மைசூர்ப் பகுதியில், நஞ்சன்கூடு வட்டத்தின் பதனவாளுவில், கோயில் நுழைவுத் தகராறை அடுத்து 1993-ல் தலித்துகள் மூவர் கொல்லப்பட்டனர். இத்தகைய வழக்கில் தீர்ப்பைச் சாட்சியமே முடிவு செய்ய வேண்டும், நீதிபதியின் பிறப்பு அல்ல; சார்தா வழக்கின் அளவுகோல் இங்கும் அதேதான். ஆனால் கூண்டேறும் சாட்சிக்கு, எதிரே உயரத்தில் இருக்கும் நாற்காலி தன் தெருப் பிள்ளைக்கும் எட்டும் என்று தெரிந்திருப்பது வேறு விஷயம். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பி.பி. வராலே 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சென்றபோது, கவாய், சி.டி. ரவிக்குமார் ஆகியோருடன் அங்கே தலித் நீதிபதிகள் மூவராயினர்.