கற்றவர் கையில் கொலைவாள்: வூஸ்டர் பிரபு ஜான் டிப்டாஃப்ட்

இங்கிலாந்தின் அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் எனும் இரு அரசகுலக் கிளைகள் 1455 முதல் 1487 வரை மோதிக்கொண்டதையே ரோஜாப் போர்கள் என்கிறோம். அக்காலப் பிரபுக்களுள் கல்வியாலும் கொடுமையாலும் ஒருங்கே பெயர் பெற்றவர் ஜான் டிப்டாஃப்ட்.

1427இல் பிறந்த இவர் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றார். 1458இல் ஜெருசலேமுக்கு யாத்திரை சென்றபின், இத்தாலியின் பாதுவாவில் கல்வியைத் தொடர்ந்தார். நட்பைப் பற்றிய சிசரோவின் இலத்தீன் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

யார்க் குலத்து நான்காம் எட்வர்ட் 1461இல் அரசரானார். நாடு திரும்பிய டிப்டாஃப்ட், 1462 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கான்ஸ்டபிள் ஆனார். அரசத் துரோக வழக்குகளை ஜூரிகளின்றியே தீர்க்கும் அதிகாரம் அப்பதவிக்கு இருந்தது. அம்மாதமே ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவும் அவருடைய மூத்த மகனும் இவர் தீர்ப்பால் தலை இழந்தனர். 1470இல் சவுதாம்ப்டனில் பிடிபட்ட இருபதுபேர் தூக்கிலிடப்பட்டதோடு, அவர்தம் உடல்கள் கழுவிலும் ஏற்றப்பட்டன. மக்கள் இவரை வெறுத்தனர்.

அதே ஆண்டில் லங்காஸ்டர் தரப்பு ஆட்சியைக் கைப்பற்றியது. கான்ஸ்டபிள் பதவி, கொல்லப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் இளைய மகன் ஜான் டி வேரிடம் சென்றது. அவரே டிப்டாஃப்டுக்கு மரணதண்டனை விதித்தார். அக்டோபர் 18இல் தண்டனை நிறைவேறியது.

இக்கொடுமைகளை ஒருவரின் இயல்பாக மட்டும் கருதுவது போதாது என்பதே நம் கருத்து. தட்டிக்கேட்பார் இல்லாத அதிகாரத்தைக் கல்வி மென்மைப்படுத்தவில்லை. அவ்வதிகாரம் கைமாறியபோது, அதைச் செலுத்தியவரையே பலிகொண்டது. அவருடைய மொழிபெயர்ப்போ 1481இல் கேக்ஸ்டனின் அச்சகத்தில் நூலாகி, அவருக்குப் பின்னும் வாழ்ந்தது.