கன்னித்தீவு முதல் குண்டுப் புத்தகம் வரை: சித்திரக்கதைத் தொடர்களின் வடிவ வரலாறு



பழவேற்காட்டிற்குச் செல்வோர் பெரும்பாலும் ஏரியையும், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தையும், அவர்கள் 1613-இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தையும் பார்த்துத் திரும்புவர். நாம் சென்றது வேறொரு பழம்பொருளைக் காண்பதற்காக. கோட்டைக்குப்பத்தில் நம் முன்னாள் மாணவர் ஒருவரின் தந்தையார், மீன்பிடித் தொழில் செய்பவர், இளமையில் பொன்னேரிப் பேருந்து நிலையக் கடையில் வாங்கிச் சேர்த்த சித்திரக்கதை இதழ்களைத் தகரப் பெட்டியொன்றில் வைத்திருக்கிறார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வீட்டிற்குள் புகுந்தபோது பெட்டி நனைந்தது. பிழைத்தவை நாற்பதுக்கும் குறைவே.

அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியவர் கேட்டார்: “எல்லாம் ஒரே அளவு புக்குதான். ஆனா ஒரு கதையில மூணு படத்துக்கு ஒருக்கா நடந்ததையே திரும்பச் சொல்றான். இன்னொண்ணுல எழுத்து கண்ணுக்கே தெரியாம பொடியா இருக்கு. அச்சாபீஸ்காரங்க தப்பா சார்?”

இலக்கியம் கற்பிக்கும் நம்மிடம் இதுவரை எந்த மாணவரும் இத்தகைய கேள்வியைக் கேட்டதில்லை. பிழை அச்சகத்தாருடையதன்று. அக்கதைகள் வேறு வேறு வடிவங்களில் பிறந்தவை. தமிழுக்கு வந்தபோது ஒரே சட்டையை அணிந்துகொண்டவை. அந்தப் பிறப்பு வடிவங்களைச் சற்றே காண்போம்.

முதலாவது, நாளிதழ்ப் பட்டை. நாள்தோறும் மூன்று அல்லது நான்கு கட்டங்கள் மட்டுமே. நேற்றைய இதழைத் தவறவிட்டவருக்காக முதற்கட்டம் முன்கதையை நினைவூட்டும். கடைசிக் கட்டம் நாளை வரை காத்திருக்கச் செய்யும். தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1960களில் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவு, முடிவே இல்லாத எதற்கும் உவமையாகிவிட்டது. 1936-இல் அமெரிக்க நாளிதழ்களில் பிறந்த வேதாளர், 1946-இல் தோன்றிய ரிப் கிர்பி, 1963-இல் லண்டன் ஈவ்னிங் ஸ்டாண்டர்டில் தொடங்கிய மாடஸ்டி பிளைசி ஆகியோர் இவ்வகையினர். நூறு நாள் பட்டைகளை அடுக்கி ஒரே புத்தகமாக்கினால் நினைவூட்டல்களும் சேர்ந்தே வரும். நம் நண்பர் கண்ட ‘திரும்பச் சொல்லுதல்’ இதுவே.

இரண்டாவது, பிரித்தானியச் சிறுவர் வார இதழ். வாரத்திற்குச் சில பக்கங்கள். ஒவ்வொரு வாரமும் நாயகனை ஓர் ஆபத்தின் விளிம்பில் நிறுத்திவிட்டுத் ‘தொடரும்’ போட வேண்டும். 1962-இல் வேலியன்ட் இதழில் இரும்புக்கை மாயாவியும், 1965-இல் லயன் இதழில் ஸ்பைடரும் இவ்வாறே வளர்ந்தனர். ஒரே மூச்சில் படிக்கும்போது இந்நாயகர்கள் ஓயாமல் ஆபத்தில் சிக்குவதாகத் தோன்றும். ஏழு நாள் இடைவெளியை நடுவில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கணக்குப் புரியும்.

மூன்றாவது, பிரெஞ்சு-பெல்ஜிய ஆல்பம். இவையும் முதலில் வார இதழ்களில் தொடராக வந்தவையே. ஆயினும் ஏறத்தாழ 46 பெரிய வண்ணப் பக்கங்களில் ஒரு பாகம் நிறைவுறும்படி திட்டமிடப்பட்டவை. பிலோட் இதழில் 1963-இல் தோன்றி, தமிழில் கேப்டன் டைகர் ஆன ப்ளூபெர்ரியும், 1984-இல் ஸ்பிரூ இதழில் தொடங்கிய ‘இரத்தப் படல’மும் இக்குலத்தவை. அகன்ற பக்கத்தைச் சுருக்கினால் எழுத்து பொடியாகாமல் என்ன செய்யும்?

நான்காவது, இத்தாலிய வடிவம். டெக்ஸ் வில்லர் 1948-இல் காசோலைப் புத்தகம் போன்ற நீள்வடிவச் சிற்றேடாகப் பிறந்தார். பின்னர் அப்பட்டைகளை ஒரு பக்கத்திற்கு மூன்றாக அடுக்கிக் கருப்பு வெள்ளைப் புத்தகங்கள் ஆக்கினர். தமிழ்ச் சிற்றேட்டிற்குச் சிதைவின்றிப் பொருந்தியவை பெரும்பாலும் இவையே.

இந்நான்கையும் நம்மவர் ஏன் ஒரே அச்சில் வார்த்தனர்? விலைதான் காரணம். 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984 ஜூலையில் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யுடன் வந்த லயன் காமிக்ஸ், அதே மாதம் ‘அழகியைத் தேடி’யுடன் வந்த ராணி காமிக்ஸ் ஆகிய மூன்றும் பெட்டிக்கடையில் தொங்கி, சில்லறைக் காசுக்கு விற்றாக வேண்டியவை. வண்ணமும் அகன்ற தாளும் அவ்விலைக்குக் கட்டுபடியாகா. கலை சற்றுக் குறைந்தது உண்மை. கதை ஏரிக்கரைக் குப்பம்வரை சென்று சேர்ந்ததும் அதே காரணத்தால்தான்.

இழப்பு வேறோரிடத்தில் நேர்ந்தது. ஆல்பத் தொடர்களின் பாகங்கள் தமிழில் நீண்ட இடைவெளிகளில் வந்தன. தன் பெயரையே மறந்த ஒருவன் தான் யாரெனத் தேடும் கதை ‘இரத்தப் படலம்’. 1980களிலேயே தமிழில் தொடங்கிய அதன் 18 பாகங்கள் ஒரே தொகுப்பாகக் கருப்பு வெள்ளையில் வெளிவந்தது 2010-இல், வண்ணத்தில் 2018-இல். ப்ளூபெர்ரி கதைகளின் தொகுப்பான ‘மின்னும் மரணம்’ 2015-இல் வந்தது. வாசகர்கள் அன்போடு ‘குண்டுப் புத்தகம்’ எனும் இவ்வடிவம் வரிசையை மீட்டது, பாகங்களைக் காத்தது. ஆனால் அது சந்தா, இணையம், புத்தகக் காட்சி ஆகியவற்றின் வழியே வாழ்வது. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுபோயிற்று. பெட்டிக்கடைக் கயிற்றில் சித்திரக்கதை தொங்கிய காலமும் கழிந்தது. இரத்தப் படலத்தின் இரண்டே பாகங்களை வைத்திருந்த நம் நண்பருக்குத் தொகுப்பு வந்த செய்தியே தெரியாது. அந்நாயகன் யாரென்பதை அறியாமலே அவர் பேரன் எடுத்துவிட்டார்.

அடுத்த பயணத்தில் நம்மிடமிருந்த 2010 தொகுப்பை அவரிடம் கொடுத்தோம். கையில் வாங்கி எடை பார்த்தவர், சற்றே தயங்கிக் கேட்டார்: “இத பாகம் பாகமா பிரிச்சுத் தைச்சுக்கலாமா சார்? வலை பின்ற எடத்துல நாலு பேரு இருக்கோம். ஒருத்தன் படிச்சு முடிக்கிற வரைக்கும் மத்தவன் என்ன பண்ணுவான்?”

ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கம் உள்ள ஊர் அது. புத்தகத்தைப் பிரிப்பதா என நம் மனம் முதலில் பதறியது. சேகரிப்பாளர்கள் கேட்டால் நம்மை மன்னிக்கமாட்டார்கள். ஆயினும் எண்ணிப் பார்த்தால், பாகம் பாகமாக வருவது அக்கதையின் பிறப்பு வடிவம்தானே? தொகுப்பு, பாதுகாக்க நினைப்பவரின் வடிவம். தனி இதழ், பகிர்ந்து படிப்பவரின் வடிவம். வரலாற்றில் இரண்டுக்கும் இடமுண்டு.

பிரித்துக்கொள்ளுமாறு சொன்னோம். வலை தைக்கும் நூலால் அவர் தைத்த முதற்பாகத்தை நாமும் பார்த்தோம்; தையல் உறுதியாகவே இருந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பெட்டி ஒன்று இருக்கலாம். பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.